லங்காங் (வடிகால்) ஓரத்தில் படர்ந்திருப்பது மஞ்சள் கரிசலாங்கண்ணியா?

மாலா, ஆயர் ஈத்தாம்:
பின்வாசல் லங்காங் ஓரத்தில் ஒரு கொடி தரையோடு படர்ந்து, கறிவேப்பிலைத் தொட்டியையும் மூடப் பார்க்கிறது. பூ மஞ்சள், குட்டி சூரியகாந்தி போல. அத்தை இதை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்கிறார். தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்க்கலாம், பருப்போடு கடையலாம் என்று சட்டியை எடுத்துவிட்டார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியோ வேண்டாம் என்கிறார். அடுப்பில் ஏற்றலாமா?

குமார்:
அதேதான் அக்கா. எங்கள் பாட்டி சமைப்பார்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள்.

செல்வம், புக்கிட் மெர்தாஜாம்:
தம்பி, மஞ்சள் பூவெல்லாம் கரிசலாங்கண்ணி ஆகிவிடாது. மாலா, அடுப்பை அணைத்துவிட்டு இலையைப் பாருங்கள். தடிப்பாக, பளபளப்பாக இருக்கிறதா? நுனிக்குக் கீழே இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதா?

மாலா:
ஆமாம் அண்ணே. ஒரே இலையில் மூன்று முனை. தண்டு மண்ணைத் தொடும் கணுவிலெல்லாம் வேர் இறங்கியிருக்கிறது.

செல்வம்:
அப்படியென்றால் இது வெடேலியா. மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கத்துச் செடி. மண்ணைப் பிடித்துக்கொள்ளும், பார்க்கவும் அழகு என்று சாலைச் சரிவுகளிலும் தாமான் (குடியிருப்பு) புல்வெளிகளிலும் நட்டார்கள். இப்போது நட்ட இடத்தில் நிற்பதில்லை. உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் போட்ட பட்டியலில் இதுவும் உண்டு. நர்சரிகளில் இன்னும் விற்கிறார்கள், என்ன செய்வது!

மஞ்சள் கரிசலாங்கண்ணி இதற்கு நெருங்கிய சொந்தம்தான், பூவை வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் அதன் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், பக்கக் காது கிடையாது. வெள்ளைக் கரிசாலை, அதாவது வெள்ளைக் கரிசலாங்கண்ணி என்றால் குழப்பமே இல்லை: சின்ன வெள்ளைப் பூ, சொரசொரப்பான இலை. தண்டைக் கசக்கினால் சாறு கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும்.

வெடேலியாவைச் சாப்பிட வேண்டாம். ஆடு மாடு மேய்ந்தால் சினை கலையும் என்ற எச்சரிக்கையே இருக்கிறது. தலைக்கும் வேண்டாம்.

மாலா:
நல்ல வேளை, இலையைக் கிள்ளியதோடு சரி. அப்புறம் இதை எப்படி ஒழிப்பது? வீட்டுக்காரர் புல் வெட்டும் மெஷினை விடலாம் என்கிறார்.

செல்வம்:
ஐயோ, மெஷின் மட்டும் வேண்டாம்! இது விதையை நம்பி வாழ்வதில்லை. துண்டு துண்டாக வெட்டினால் கணு உள்ள ஒவ்வொரு துண்டும் புதுச் செடியாகும். மழைத் தண்ணீர் அதை லங்காங் வழியே அடுத்த வீட்டுக்கும் கொண்டுபோகும். மழை விட்டு மண் இளகியிருக்கும்போது சாங்குலால் (மண்வெட்டியால்) கிளறி, கொடியை ஓரத்திலிருந்து பாய் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டே வாருங்கள். பிடுங்கியதைப் பச்சையாக உரக்குழியில் போடாதீர்கள், அங்கேயே தழைக்கும். சிமெண்ட் தரையில் வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டு, கட்டிக் குப்பையில் போடுங்கள். காலியான இடத்தைத் தடித்த கார்ட்போர்டு போட்டு மூடி வையுங்கள். மிஞ்சிய வேர் தலைகாட்டும், அதை அப்போதைக்கப்போது பிடுங்க வேண்டும்.

குமார்:
அண்ணே, எங்கள் வீட்டிலும் இலைக்கு மூன்று முனைதான். பாட்டியிடம் யார் சொல்வது?

செல்வம்:
நீதான். நாட்டு மருந்துக் கடையில் கரிசாலைப் பொடி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போய்ச் சொல்.