[கலைச்சொல்] 'சீட் பிட்ச்' – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

குன்னூர், திங்கள் இரவு

கலைச்சொல் குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

பயணச்சீட்டு மையங்களுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும், சுற்றுலா வண்டி ஓட்டும் பையன்களுக்கும் நான் மாலை வகுப்பு எடுப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அவர்களுக்கான பாடநூலில் 'சொகுசா, சிக்கனமா' என்று ஒரு பாடம். காரிலும் விமானத்திலும் இருக்கைகளை எப்படி அமைக்கிறார்கள், எங்கே குறைத்தால் எவ்வளவு மிச்சம், வாடிக்கையாளர் கேட்டால் எப்படி எடுத்துச் சொல்வது, இவ்வளவுதான் விஷயம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

'எகானமி கிளாஸ்' என்பதற்கு முதல் வரைவில் யாரோ "பொருளாதார வகுப்பு" என்று போட்டிருந்தார்கள். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், ஃப்ளைட்ல பாடமும் எடுப்பாங்களா?" என்றான். அடித்துவிட்டுச் 'சிக்கன வகுப்பு' என்று எழுதிவிட்டேன். அதில் எனக்குச் சிக்கல் இல்லை.

சிக்கல் 'சீட் பிட்ச்'சில்தான். ஓர் இருக்கையின் ஏதாவது ஒரு புள்ளியிலிருந்து, முன்னால் உள்ள இருக்கையின் அதே புள்ளி வரை அளந்தால் வருவது அது. சிக்கன வகுப்பில் பெரும்பாலும் 28 முதல் 32 அங்குலம். வரைவில் "கால் இடைவெளி" என்று இருக்கிறது. அது தப்பு. அந்த அளவுக்குள் இருக்கை முதுகின் தடிமனும் அடக்கம். முதுகு மெலிந்த புது இருக்கையில் 29 அங்குலத்திலும் முட்டி தப்பித்துவிடும். தடித்த பழைய மெத்தையில் 31 இருந்தும் இடிக்கும். எண்ணைப் பார்த்து ஏமாறாதே என்று சொல்லத்தான் இந்தப் பாடமே. சொல்லே ஏமாற்றினால் எப்படி?

கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்த ஒருவன் "இருக்கை சுருதி" என்று கொண்டுவந்தான் (பாட்டிலும் பிட்ச் உண்டே). உதவுங்கள்.

கோத்தகிரி, செவ்வாய் காலை

குன்னூர் அம்மையாருக்கு வணக்கம். சிக்கன வகுப்பு என்பதை அப்படியே வையுங்கள். எவ்வளவு பொருத்தமான சொல் என்று தெரியாமலேயே வைத்திருக்கிறீர்கள். மணிவாசகர் "சிக்கெனப் பிடித்தேன்" என்கிறாரே, அந்தச் சிக்குதான் இதுவும். சிக்கு, சிக்கல், சிக்கனம் எல்லாம் இறுக்கம் என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் துணிபு. முழங்கால் சிக்கிக்கொள்ளும் வகுப்பு சிக்கன வகுப்பு. இதைவிட நேர்மையான பெயர் எந்த மொழியிலும் இருக்காது.

கிரேக்கத்தில் அந்த 'எகானமி'யின் வேர் வீட்டை நடத்துவது என்ற பொருள் உடையது. நம்மிடம் வள்ளுவர் சொன்ன 'மனைமாட்சி' இருக்கிறது. 'ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை' என்ற குறளும் இதே கணக்குத்தான்: வரவு சிறுத்தாலும் செலவு அகலாதிருந்தால் போதும். ஆகவே 'மனைமாட்சி வகுப்பு' என்றும் ஆளலாம்.

'சொகுசு' வேண்டவே வேண்டாம். அது தெலுங்கிலும் கன்னடத்திலும் சொகசு; அங்கே அழகு என்று பொருள். நாம் கடன் வாங்கி மெத்தையாக்கிவிட்டோம். வசதி, சௌகரியம், இதம் மூன்றும் வடசொல். 'ஏந்து' என்று ஒரு தமிழ்ச்சொல் இருக்கிறது, உடலை ஏந்துவது. இருக்கைக்கு இதைவிட என்ன வேண்டும்?

பிட்ச்சுக்கு என் பரிந்துரை: தவிசிடை. தவிசு என்றால் இருக்கை.

கூடலூர், செவ்வாய் மதியம்

ஐயா, மனைமாட்சி வகுப்பு என்று போட்டால் சமையல் சொல்லித் தருவார்கள் என்று நினைத்து ஏறுவார்கள். தவிசிடை என்றால் தவிட்டு மூட்டைக்கு எடை போடுவது போல இருக்கிறது. கோபிக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் இலங்கைத் தமிழும் கலந்து கிடக்கிறது. அப்பா தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். சீட் அவருக்கு ஆசனம், சீட் பெல்ட் ஆசனப்பட்டி. அங்கே பஸ்ஸில் 'அரைச் சொகுசு' என்றே ஒரு வகை உண்டு. முழுச் சொகுசுக்குக் காசு இல்லை, நின்றுகொண்டு போகவும் மனசு இல்லை என்றால் அரைச் சொகுசு. டீச்சரின் பாடம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. அதைப் போய் வெளியேற்றப் பார்க்கிறீர்கள்.

நான் வண்டிக்காரன், வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். காரில் இந்த அங்குலக் கணக்கு உதவாது. நான்கு மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்று 2006-இல் வந்தது (பெட்ரோல் என்றால் 1200 சி.சி., டீசல் என்றால் 1500 சி.சி.க்குள்). அதிலிருந்து எல்லோரும் அந்த நீளத்துக்குள் ஐந்து பேரை அடைக்கப் பார்க்கிறார்கள். ஒரு வழி, இருக்கையை உயர்த்துவது. 1998-இல் சான்ட்ரோ வந்தபோது கேலி செய்தோம், தொப்பி போட்ட கார் என்று. ஆனால் நாற்காலியில் உட்கார்வது போல உட்கார்ந்தால் கால் முன்னால் நீளாமல் கீழே இறங்கும், இடம் மிச்சம். அது நல்ல யோசனை. இன்னொரு வழி கொஞ்சம் கள்ளத்தனம்: பின்னிருக்கையின் அடிமெத்தையை மூன்று விரல் குட்டையாக்கிவிடுவது. முட்டிக்கு முன்னால் இடம் தாராளமாகத் தெரியும், ஷோரூமில் உட்கார்ந்து பார்ப்பவர் மயங்கிவிடுவார். தொடைக்குத் தாங்கல் இல்லை என்பது மேட்டுப்பாளையம் தாண்டும்போதுதான் தெரியும்.

அதற்கு மேல் மலைக்கென்று ஒரு நியாயம் இருக்கிறது. கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. அங்கே முட்டிக்கு எத்தனை அங்குலம் என்று யாரும் கேட்பதில்லை, இடுப்பைப் பிடித்துக்கொள்ள ஓரம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அம்பாசடர் சோபா மாதிரி, கால் நீட்டலாம்; ஆனால் வளைவுக்கு வளைவு பின்னால் இருக்கும் மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் சரிவார்கள். அப்படியும் அது 2014-இல் நின்றுபோனபோது எனக்கு வருத்தம்தான்.

அப்புறம், ஊட்டியிலிருந்து கோவை விமான நிலையத்துக்குக் காரில் மூன்று மணி நேரம், அங்கிருந்து சென்னைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அந்த ஒரு மணி நேரத்துக்கு அங்குலம் பார்ப்பவர்கள் இந்த மூன்று மணி நேரத்துக்கு இருப்பதிலேயே மலிவான வண்டியைக் கேட்கிறார்கள்.

அருவங்காடு, செவ்வாய் இரவு

முப்பது வருடம் கடைசல் இயந்திரத்தில் நின்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். இந்தச் சொல் புதிதாகப் பிறக்க வேண்டியதில்லை. பள்ளிப் புத்தகத்தில் திருகு அளவி பாடத்தைப் பாருங்கள்: திருகின் பிட்ச்சுக்குப் 'புரியிடைத் தூரம்' என்று இருக்கிறது. ஒரு புரியிலிருந்து அடுத்த புரி வரை. இருக்கைக்கு அதையே வைத்தால் 'இருக்கையிடைத் தூரம்'. முடிந்தது. (பட்டறையில் நாங்கள் பிட்ச் என்றுதான் சொன்னோம். அது வேறு.)

நம் மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் (இன்ஜினின் பல்சக்கரம் கடித்து ஏறும் சட்டம்) ஓடுகிறது, சில இடங்களில் ஏற்றம் பன்னிரண்டரைக்கு ஒன்று. அந்தப் பல்லின் பிட்ச் என்றால் பல்லும் சந்தும் சேர்ந்த அளவு. சந்தை மட்டும் அளந்து சக்கரம் வெட்டினால் இன்ஜின் ஏறாது. இருக்கையிலும் அப்படியே: இருக்கையின் தடிமனும் சந்தும் சேர்ந்ததுதான் பிட்ச்.

டீச்சரின் பாடத்துக்கு ஒரு கணக்குத் தருகிறேன். ஏர்பஸ் ஏ320 வகையில் ஒரே வகுப்பாக 180 இருக்கை போட்டால், வரிசைக்கு ஆறு வீதம் 30 வரிசை. 30 அங்குலம் என்றால் மொத்தம் 900. அதே 900-ஐ 29 ஆல் வகுத்துப் பாருங்கள்: 31 வரிசை, ஓர் அங்குலம் மீதி. ஆளுக்கு ஓர் அங்குலம் உருவினால் ஆறு பயணச்சீட்டு கூடுதலாக விற்கலாம். (அவசர வாசல் வரிசைக்குக் கூடுதல் இடம் விட வேண்டும், வாசல்களைப் பொறுத்து ஆள் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு உண்டு, அதையெல்லாம் விட்டுவிட்டுச் சொல்கிறேன்.) யார் முட்டியிலிருந்து யார் பைக்குப் போகிறது என்று பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார்கள். ஆனால் சீட்டின் விலை குறைவதும் இதனால்தான், அதையும் சொல்லுங்கள்.

கோத்தகிரி, புதன் விடியற்காலை

அருவங்காட்டார் சொன்னதில் புணர்ச்சி செம்மை. 'இ ஈ ஐ வழி யவ்வும்' என்ற நன்னூல் விதிப்படி இருக்கை + இடை யகர உடம்படுமெய் பெற்று இருக்கையிடை. மகிழ்ச்சி. ஆனால் 'தூரம்' வடசொல். இருக்கையிடைத் தொலைவு என்க.

கூடலூர், புதன் காலை

முப்பது அங்குலம் தொலைவு என்றால் ஊட்டிக்கும் கோவைக்கும் நடுவில் இருப்பதை என்னவென்று சொல்வது ஐயா?

கொடைக்கானல், புதன் மதியம்

தயங்கித்தான் எழுதுகிறேன். எல்லோரும் 'இடைவெளி'யைக் கண்டு ஏன் ஓடுகிறீர்கள் என்று புரியவில்லை. செடி நடும்போது "இடைவெளி 60-க்கு 45 செ.மீ." என்று எழுதுகிறோம். அது இலைக்கும் இலைக்கும் நடுவில் உள்ள வெற்றிடம் அல்ல, தண்டிலிருந்து தண்டு வரை. செடி வளர்ந்து படர்ந்து வெளியே இல்லாமல் போனாலும் இடைவெளி 60-தான். தேயிலைக்கும் அதே முறைதான், உங்கள் பக்கத்துத் தோட்டத்தில் கேட்டுப் பாருங்கள். தமிழ் விவசாயி பிட்ச் என்ற கருத்தை எப்போதோ 'இடைவெளி' என்று பெயரிட்டு முடித்துவிட்டான்.

'கால் இடைவெளி' தப்பு, ஒப்புக்கொள்கிறேன். 'இருக்கை இடைவெளி' என்று போடலாமே. யாருக்கும் அகராதி தேவைப்படாது.

அருவங்காடு, புதன் மாலை

நட்டவனுக்குத் தெரியும். நடாதவன் 'வெளி' என்ற சொல்லைப் பார்த்தால் காலியிடம் என்றுதான் படிப்பான். விமான நிறுவனத்துக்கும் அதுதானே வேண்டும்?

குன்னூர், புதன் இரவு

சரி, வகுப்பிலேயே பார்த்துவிடலாம் என்று இன்று பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டோம். ஒரு நாற்காலியின் முதுகிலிருந்து அடுத்ததன் முதுகு வரை முதலில் 32 அங்குலம், பிறகு 30, பிறகு 28. உயரமான பையன் ஒருவன் 28-இல் உட்கார்ந்து எழ முடியாமல் நாற்காலியோடு நின்றான். குட்டையான பெண்களுக்கு மூன்றும் ஒன்றுதான். "அப்போ நாங்க ஏன் டீச்சர் அதிகம் கொடுக்கணும்?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அளக்கும் முன்பே, "இருக்கை இடைவெளி 30 அங்குலம் என்றால் என்ன?" என்று கேட்டிருந்தேன். பெரும்பாலோர் முட்டிக்கு முன்னால் உள்ள காலியிடத்தைக் காட்டினார்கள். எஸ்டேட் தொழிலாளர் லயன் வீட்டுப் பெண் ஒருத்தி மட்டும் முதுகிலிருந்து முதுகைக் காட்டினாள். ஏன் என்றேன். "செடி அப்படித்தான் டீச்சர் வைப்பாங்க." கொடைக்கானல் அண்ணா சொன்னதும் சரி, அருவங்காடு ஐயா பயந்ததும் சரி. எனக்குத்தான் வேலை முடியவில்லை.

இன்னொன்று. பாடத்தின் நடுவில் 'ட்ரேட் ஆஃப்' வருகிறது. ஒன்றைப் பெற இன்னொன்றை விடுவது. வரைவில் "வர்த்தகம் நிறுத்தம்" என்று இருக்கிறது. சிரிக்க வேண்டாம்.

கோத்தகிரி, வியாழன் காலை

'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்று குறளில் வருகிறது. சீர்தூக்கல். ஐயமே இல்லை.

அருவங்காடு, வியாழன் காலை

சீர்தூக்குவது முடிவு எடுப்பதற்கு முன். இது எடுத்த பிறகு ஒரு தட்டு இறங்கியதால் மற்றது ஏறி நிற்பது. வேறு சொல் தேவை. 'விட்டுப்பெறல்'?

குன்னூர், வியாழன் மதியம்

விட்டுப்பெறல் என்று வகுப்பில் சொன்னேன், வாய்க்குள் நுழையவில்லை. நாற்காலி விளையாட்டிலிருந்து அவர்களே ஒன்று பிடித்து வைத்திருக்கிறார்கள்: 'காசா காலா கணக்கு'. காசை மிச்சம் பிடித்தால் கால் போகும், காலைப் பார்த்தால் காசு போகும். பாடத்தின் தலைப்பையே அப்படி மாற்றலாமா என்று நினைக்கிறேன்.

கோத்தகிரி, வியாழன் பிற்பகல்

காசு தமிழ்ச்சொல்தான். ஆனால் பாடநூலில் அச்சேறும் தரமா அது?

ஊட்டி (மட்டுறுத்துநர்), வியாழன் மாலை

அன்பர்களே, போதும். தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்து எண்ணினேன். இருக்கையிடைத் தூரம் ஐந்து, இருக்கை இடைவெளி நான்கு, தவிசிடை ஒன்று. அந்த ஒன்று யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. நாளை அச்சு. முதல் சொல்லைப் போட்டுவிட்டு, முதல்முறை வரும் இடத்தில் "முதுகிலிருந்து முதுகு வரை" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். 'ட்ரேட் ஆஃப்'பைத் தனி இழையில் பார்ப்போம்.

கொடைக்கானல், வியாழன் இரவு

அந்த ஒரு வரி விளக்கம் கொடுப்பதானால் இடைவெளிக்கும் கொடுத்திருக்கலாமே என்பது மட்டும் என் மனக்குறை. பரவாயில்லை.

கோத்தகிரி, வெள்ளி, நள்ளிரவு தாண்டி

அச்சுக்கு முன் கடைசியாக ஒன்று. அங்குலமே நமக்கு எதற்கு? 9 அங்குலம் ஒரு சாண். 18 அங்குலம் ஒரு முழம். விமான இருக்கையின் அகலம் 17, 18 அங்குலம் என்று படித்தேன். ஏறக்குறைய ஒரு முழம், பூக்காரி அளப்பது போல. முன்பின் 30 அங்குலம் என்பது மூன்று சாணும் நான்கு விரலும். எண்சாண் உடம்பை மூன்று சாண் சொச்சத்துக்குள் மடக்குகிறார்கள் என்று எழுதினால் பிள்ளைகளுக்குத் தூரமும் வேண்டாம், வெளியும் வேண்டாம். தவிசிடை குறித்து என் கருத்தில் மாற்றமில்லை. பதிவுக்காகச் சொல்கிறேன்.

குன்னூர், வெள்ளி காலை

ஐயா, எண்சாண் வரியைச் சேர்த்துவிட்டேன். தவிசிடையைச் சேர்க்கவில்லை. தலைப்பு 'காசா காலா' தான். கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.

கூடலூர், வெள்ளி காலை

வந்ததும் எனக்கு இரண்டு பிரதி வையுங்கள் டீச்சர். வண்டியில் முன்னிருக்கையின் முதுகுப் பையில் செருகி வைக்கிறேன், பின்னால் உட்காருபவர்கள் படிக்கட்டும். முட்டிக்கு அரை அங்குலம் குறையும், அவ்வளவுதான்.