ரெண்டு பேர் சேர்ந்து மினியேச்சர் பெயின்ட் பண்ணும்போது வேலையை எப்படிப் பிரிக்கிறது?

பச்சைத்தோல் கேட்டது:

ஜோம்பிசைட் பிளாக் பிளேக் போர்டு கேமோட அடிப்படைப் பெட்டி கைவசம் இருக்கு. எழுபது சொச்சம் மினி (குட்டிப் பொம்மை), எல்லாம் பிளாஸ்டிக் நிறத்துலயே கிடக்கு. ஆடுறது நானும் கணவரும் மட்டும், ஆளுக்கு மூணு சர்வைவர் (ஜோம்பிகளோட சண்டை போடுற நம்ம ஆளுங்க). சேர்ந்து பெயின்ட் பண்ணலாம்னு பார்க்கிறோம், ஆனா எதிர்பார்ப்பு வேற வேற. எனக்கு ஒவ்வொண்ணையும் கண், நகம் வரைக்கும் வரையணும். அவருக்குச் சீக்கிரம் முடிச்சு மேசையில இறக்கணும்.

மினி வாரியா ஆளுக்குப் பாதின்னு பிரிக்கிறதா, இல்ல ஆளுக்கு ஒரு கட்டமா? ரெண்டு கை பட்டா ஒரே கூட்டம் மாதிரி தெரியுமா? இந்த வளையுற பிளாஸ்டிக்ல எந்த பிரைமர் (அடிப்பூச்சு) நிக்கும்? ஆடும்போது உரியாம இருக்க என்ன பண்ணணும்? கான்ட்ராஸ்ட் வகைப் பெயின்ட் (ஒரே பூச்சுல மேட்டுல வெளிறி, பள்ளத்துல அடர்ந்து நிக்கிறது) ஒரு செட்டும் சாதா அக்ரிலிக் கொஞ்சமும் இருக்கு. ஏர்பிரஷ் இல்லை.

கறுப்புப்பிரைமர் எழுதியது:

ஜோம்பியை மினி வாரியாப் பிரிக்கவே பிரிக்காதீங்க. முப்பது உங்க கை, முப்பது அவர் கைன்னா மேசையில ரெண்டு படை நிக்கிற மாதிரி தெரியும். கட்டம் கட்டமாப் பிரிச்சா ஒவ்வொரு மினியிலயும் ரெண்டு பேர் கையும் படும், வித்தியாசம் கரைஞ்சிடும்.

8 மினி ஒரு பேட்ச். அதுக்கு மேல போனா அலுப்புத் தட்டும். குறைஞ்சா, கடைசி மினிக்கு அடிச்சு முடிக்கிறப்ப முதல் மினி காஞ்சிருக்காது, சும்மா உட்காரணும். ஒவ்வொண்ணையும் ஒரு பாட்டில் மூடி மேல ஒட்டுகளிமண் வச்சு நிறுத்துங்க. மூடியைத்தான் பிடிக்கணும், மினியில விரல் படக்கூடாது.

கறுப்பு பிரைமர் காஞ்சதும் ஒருத்தர் டிரை பிரஷ்ஷை எடுத்துக்கலாம். முடி அடர்த்தியான உருண்டை பிரஷ், பழைய மேக்கப் பிரஷ் இருந்தா அதுவே போதும். நடுத்தரச் சாம்பலைத் தொட்டு, அட்டையில தேய்ச்சுத் தேய்ச்சு கிட்டத்தட்ட ஒண்ணும் வராத நிலைக்குக் கொண்டுவந்துட்டு மினி முழுக்கத் தேய்க்கணும். அடுத்து வெள்ளைக்குப் பக்கத்துல இருக்கிற தந்த நிறம், மேலேர்ந்து கீழ்நோக்கி மட்டும்: தலை, தோள், முழங்கால் மேடு. இதைப் பண்ணினாதான் மேல வர்ற கான்ட்ராஸ்ட்டுக்கு வெளிச்சமும் நிழலும் கிடைக்கும். பிரஷ்ல ஈரம் இருந்தா கோடு கோடா இழுக்கும், அதனால நடுவுல தண்ணியில கழுவ வேணாம். ரெண்டு நிறத்துக்கு ரெண்டு பிரஷ் வச்சுக்குங்க.

அப்புறம் கான்ட்ராஸ்ட். உள்ளேர்ந்து வெளியே போகணும்: முதல்ல தோல், பிறகு துணி, பிறகு தோல்வார், பை. கான்ட்ராஸ்ட் காய நேரமாகும், அதனால ஒருத்தர் 8 மினிக்கும் தோல் நிறம் அடிச்சுட்டு வர்றப்ப முதல் மினி இன்னும் ஈரமாத்தான் இருக்கும். அரை மணி நேரமாவது விட்டு அடுத்தவர் துணிக்கு வரணும். அந்த இடைவெளியில அடுத்த பேட்ச்சுக்கு மோல்ட் லைனை (அச்சுல வந்த மெல்லிய வரம்பை) சுரண்டலாம். துணிக்கு மூணே நிறம் போதும், ஆனா மினிக்கு மினி மாத்தி மாத்திப் போடுங்க. ஒரே அச்சுல வந்த ஜோம்பிங்க அப்பதான் ஒண்ணுபோல தெரியாது. இரும்பு ஆயுதம் கடைசியில, சாதா மெட்டாலிக் அக்ரிலிக்ல.

ரெண்டு கை வித்தியாசம் பெரும்பாலும் கான்ட்ராஸ்ட்டோட அளவுலதான் வரும். ஒருத்தர் நிறைய ஊத்துவார், ஒருத்தர் தேய்ச்சு மெலிசாக்குவார். இதுக்கு ஒரு விதி வச்சுக்குங்க: பிரஷ்ல பாதி முடி வரைக்கும் எடுக்கணும், ஒரு பகுதியை ஒரே தடவையில மூடணும், காயத் தொடங்கின இடத்துக்குத் திரும்பப் போகக்கூடாது, அடியில தேங்கினதைச் சுத்தமான ஈர பிரஷ்ஷால உறிஞ்சணும். தேங்கினதை விட்டா காஞ்சதும் ஓரத்துல கறை வளையம் நிக்கும். நிறம் அழுத்தமா இருக்குன்னு தண்ணி நிறைய சேர்த்தாலும் இதே வளையம்தான் வரும். அந்தந்தக் கம்பெனி மீடியம் (இளக்குறதுக்கான நிறமில்லாத திரவம்) கலந்து இளக்கணும்.

இன்னொண்ணு, ஒரு அட்டையில ரெசிபி எழுதி வைங்க. எந்தப் பாட்டில், எந்த வரிசை, மீடியம் எத்தனைக்கு எத்தனைன்னு. மூணாவது பேட்ச்ல யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மூன்றாம்பூச்சு எழுதியது:

பிரைமர் கேள்விக்கு மட்டும் பதில்.

இந்த மினிகள் மென்மையான பிவிசி பிளாஸ்டிக். வளைவதற்காக அதில் பிளாஸ்டிசைசர் என்ற மென்மையாக்கி கலந்திருக்கும். கரைப்பான் அடிப்படையிலான சில ஸ்பிரே பிரைமர்கள் அதோடு வினைபுரிந்து எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பாகவே நிற்கும். எல்லா ஸ்பிரேயும் அப்படியல்ல. ஆனால் கேனில் என்ன எழுதியிருந்தாலும் முதலில் ஒரே ஒரு ஜோம்பிக்கு அடித்து இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். விரல் ஒட்டினால் அந்தக் கேன் இந்தப் பெட்டிக்கு ஆகாது. கெட்டியான பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் மினிகளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

பிரஷ்ஷால் பூசும் அக்ரிலிக்-பாலியூரிதேன் பிரைமர், உதாரணமாக வயெஹோவின் சர்ஃபேஸ் பிரைமர், பிவிசிக்கு நம்பகமானது. தண்ணீர் சேர்க்காமல், தட்டையான பிரஷ்ஷால், மெல்லிய இரண்டு பூச்சு. முதல் பூச்சு திட்டுத் திட்டாகத்தான் தெரியும், பதறி அதன்மேலேயே தேய்க்க வேண்டாம். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டால்தான் இறுகும். அதற்கு முன் நகம் பட்டால் தோல்போல உரிந்து வரும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியவை. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து எளிதாக எடுக்கப் போட்ட எண்ணெய்ப் பசை மேலே இருக்கலாம், அதன்மேல் எந்த பிரைமரும் பிடிக்காது. மோல்ட் லைனுக்கு அரம் வேண்டாம், மென்மையான பிவிசியில் அரம் பஞ்சுபோல நார் எழுப்பும். ஹாபி கத்தியின் கூரான முனையைப் படுக்கைவாட்டில் வைத்து மெல்லச் சீவுங்கள். வளைந்த வாள், ஈட்டி இருந்தால் கொதித்து இறக்கிய நீரில் சில நொடி முக்கி, நிமிர்த்திப் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் இறக்கினால் அந்த நிலையிலேயே நிற்கும். நீரில் இறக்க இடுக்கி பயன்படுத்துங்கள். இதைப் பெயின்ட்டுக்குப் பிறகு செய்தால் பூச்சு வெடிக்கும்.

ஸ்பிரேதான் என்றால் திறந்த வெளி, முகமூடி, 20 முதல் 30 செ.மீ. தூரம். மினிக்கு வெளியே தொடங்கி, அதைக் கடந்து, வெளியே நிறுத்த வேண்டும். மினிமேல் நேராகத் தொடங்கினால் முதல் துப்பலில் முகம் மூழ்கிவிடும். தூரம் கூடினாலோ காற்று வறண்டு சூடாக இருந்தாலோ வழியிலேயே காய்ந்து மணல்போலச் சொரசொரப்பாக விழும். ஈரப்பதம் மிகுந்த நாளில் ஸ்பிரே வார்னிஷ் பக்கமே போகாதீர்கள், வெள்ளைப் பனி படியும்.

தாயக்கட்டை எழுதியது:

மேல சொன்னது ஜோம்பிக்குச் சரி. சர்வைவருக்கு எனக்கு மாற்றுக் கருத்து. அந்த ஆறையும் மினி வாரியா, ஆளுக்கு மூணுன்னு பிரிச்சுக்குங்க. தான் ஆடப்போற ஆளைத் தானே வரையணும். சகோ, உங்க கண், நகம் ஆசைக்கு இடம் அதுதான். கணவரோட மூணு வேற பாணியில இருந்தா என்ன கெட்டுப்போகுது? யார் மினி எதுன்னு எட்டி நின்னு பார்த்தாலே தெரியும்.

ஆட்டத்தை வச்சு நிறம் முடிவு பண்ணுங்க. இந்த ஆட்டத்துல வாக்கர், ரன்னர், ஃபேட்டின்னு ஜோம்பி வகைகள் உண்டு. ரன்னருக்கு ஒரு தடவைக்கு ரெண்டு ஆக்‌ஷன், ஃபேட்டியைச் சாய்க்க டேமேஜ் 2 வேணும். யார் யாருன்னு ஒரு நொடியில தெரியலைன்னா ஆட்டம் தடுமாறும். வாக்கருக்கு வெளிறிய பச்சை, ரன்னருக்கு வெளிறிய நீலச் சாம்பல், ஃபேட்டிக்கு அழுகின மஞ்சள்னு தோல் நிறத்துலயே பிரிச்சுடுங்க. பலகை ஏற்கெனவே இருட்டான நிறம். அதுல கரும்பழுப்பு ஜோம்பி வச்சா காணாமப் போயிடும். கையில வச்சுப் பார்க்கிறப்ப கொஞ்சம் அதிகமா வெளுத்த மாதிரி இருந்தா மேசையில சரியா இருக்கும்.

பேஸ் (மினி நிக்கிற அடித்தட்டு) விளிம்புல ஒரு எச்சரிக்கை. சர்வைவருக்கு வர்ற கலர் வளையம் பேஸைக் கவ்விப் பிடிக்கும். விளிம்புல மணல், புல், கெட்டி வார்னிஷ் எதுவும் வேணாம், வளையம் ஏறாது, ஏறினாலும் ஒவ்வொரு தடவையும் சுரண்டும். விளிம்பை பிரைமரோட விட்டுடுங்க. அலங்காரம் பேஸோட மேல்பக்கம் மட்டும்.

பேஸைப் பத்திச் சொல்றப்பவே ஒண்ணு. பின்னாடி குளூம்ஹேவன் மாதிரி அறுகோணக் கட்டத்துல ஆடுற ஆட்டத்துக்குப் போனா, பேஸை மாத்திப் பெருசாக்கிடாதீங்க, பக்கத்துக் கட்டத்தை மறைக்கும். ரெண்டு பேருக்கு அந்தக் குடும்பத்துல ஜாஸ் ஆஃப் த லயன் நல்லது. பெயின்ட் பண்ண நாலே நாலு மினி, எதிரி எல்லாம் அட்டை. மொத்தம் 25 சினாரியோ, முதல் 5 ஆடிக்கிட்டே கத்துக்கிற மாதிரி இருக்கும். ரெண்டு பேர்னா ரெட் கார்ட் (Red Guard), ஹாட்செட்ங்கிற பாத்திரங்களை எடுங்க: ஒருத்தர் முன்னாடி நின்னு அடி வாங்க, ஒருத்தர் தள்ளி நின்னு கோடாலி வீச. வாய்ட்வார்டன்ங்கிற பாத்திரம், கூட ஆள் நிறைய இருந்தாதான் சோபிக்கும். அதுல இன்னொரு வசதி, கார்டுல இருக்கிற எண்ணை வாய்விட்டுச் சொல்லக்கூடாதுங்கிறது விதி. ஒருத்தரே ரெண்டு பேருக்கும் சேர்த்து யோசிக்கிற பழக்கம் அதனால தானா அடங்கும். ஜோம்பிசைட்ல அப்படி விதி கிடையாது, அதனால நீங்களா வச்சுக்கணும்: அவரவர் மூணு ஆளோட முறை வர்றப்ப, கேட்டாலொழிய அடுத்தவர் யோசனை சொல்லக்கூடாது.

பச்சைத்தோல் எழுதியது:

ரொம்ப நன்றி. தோல் நிறத்துல வகை பிரிக்கிறது ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கு. இன்னும் ரெண்டு கேள்வி. எங்ககிட்ட இருக்கிற செட் ஆர்மி பெயின்டர் ஸ்பீட்பெயின்ட், முதல் பதிப்பு. அது மேல வேற பெயின்ட் அடிச்சா கரையும்னு சொல்றாங்களே? அப்புறம், ஜோம்பிக்கு வார்னிஷ் இல்லாம விட்டுடலாமா?

கறுப்புப்பிரைமர் எழுதியது:

கரையும். 2022ல வந்த முதல் பதிப்புல அந்தக் குணம் உண்டு: காஞ்ச பிறகும் மேல ஈரப் பெயின்ட் பட்டா இளகி அதோட கலக்கும். வெளிர் நிறம் அடிச்சா சேறாகும். அடுத்து வந்த 2.0ல இதைச் சரி பண்ணிட்டாங்க. உங்க செட்டைத் தூக்கிப் போட வேணாம். வெளிச்ச வேலை எல்லாம் டிரை பிரஷ்லயே முடிஞ்சிடுறதால ஜோம்பிக்கு ஸ்பீட்பெயின்ட் மேல வேற பெயின்ட்டே தேவையில்லை. ஒரு நிறமும் இன்னொரு நிறமும் தொடுற ஓரத்துல மட்டும் கவனம். சர்வைவருக்கு அதை விட்டுட்டு சாதா அக்ரிலிக்ல போங்க. வெட் பேலட்ல இளக்கி ரெண்டு மூணு மெலிசான பூச்சு. மூடியுள்ள தட்டையான டப்பா, நனைச்ச ஸ்பாஞ்ச், மேல பேக்கிங் பேப்பர், அவ்வளவுதான் வெட் பேலட். மெழுகுத்தாள் ஈரத்தை விடாது, அது ஆகாது.

வார்னிஷ் இல்லாம விடவே கூடாது. இருக்கிறதுலயே அதிகம் கை படுறது ஜோம்பிதான், சுற்றுக்குச் சுற்று கொத்தா அள்ளி நகர்த்துவீங்க. கான்ட்ராஸ்ட் வகை மேட்டுல மெலிசாத்தான் நிக்கும், முதல்ல மூக்கும் முட்டியும்தான் தேயும். ஒரு பூச்சு கிளாஸ் (மின்னுற வார்னிஷ்), ஒரு நாள் விட்டு ஒரு பூச்சு மேட் (மின்னாத வார்னிஷ்). உறுதி கிளாஸ்லேர்ந்து வருது, பளபளப்பை மேட் அடக்கும். உங்க முதல் பதிப்பு ஸ்பீட்பெயின்ட்டுக்கு பிரஷ் வார்னிஷ்னா ஒரே இழுப்புல போங்க, திரும்பத் தேய்ச்சா நிறம் கூடவே வரும். ஈரப்பதம் குறைஞ்ச நாள் கிடைச்சா ஸ்பிரே வார்னிஷே மேல். மேட் பாட்டிலை நல்லாக் குலுக்கணும், அடியில படியிற பொடிதான் பளபளப்பை எடுக்கிறது. குலுக்காம அடிச்சா ஒரு மினி மின்னும், இன்னொண்ணு வெளுக்கும். வெளுத்துப்போச்சுன்னா பெரும்பாலும் மேல ஒரு மெல்லிய கிளாஸ் பூசினாத் தெளியும், அப்புறம் மறுபடி மேட்.

ரத்தம் தெளிக்கிற ஆசை இருந்தா மேட் வார்னிஷுக்கு அப்புறம் பண்ணுங்க. முன்னாடி பண்ணினா ஈரப் பளபளப்பு போயி துருக்கறை மாதிரி ஆயிடும். யார் தெளிக்கிறதுன்னு முன்னாடியே பேசிக்குங்க, அதுல அளவு தெரியாம போறவங்கதான் அதிகம்.

மூன்றாம்பூச்சு எழுதியது:

ஒரு சேர்க்கை: வார்னிஷ் அடித்த மினிகளை முதல் வாரமே பெட்டியின் பிளாஸ்டிக் தட்டில் நெருக்கி அடைக்காதீர்கள். தொட்டால் காய்ந்திருக்கும், ஆனால் உள்ளே முழுதாக இறுகியிருக்காது. தட்டின் குழியில் ஒட்டிக்கொண்டு எடுக்கும்போது பெயின்ட்டோடு வரும். தட்டு எப்படியும் பெயின்ட்டை உரசும் என்பதால், பேஸ் அடியில் மெல்லிய நியோடிமியம் காந்தம் ஒட்டி, அடியில் இரும்புத் தகடு பதித்த டப்பாவில் நிறுத்தி வைப்பது நல்லது. வாக்கருக்கு 5 மி.மீ. அகலக் காந்தம் ஒன்று போதும். அபாமினேஷன் (பெரிய ஜோம்பி) போன்ற கனமான மினிக்கு மூன்று ஒட்டுங்கள், ஒன்று வைத்தால் சாயும்.

அடித்தது பிடிக்காமல் போனால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் சிறிது நேரம் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்தால் அக்ரிலிக் கழன்றுவிடும். பிவிசி பொதுவாகத் தாங்கும், என்றாலும் ஒரு வாக்கரில் முயன்று பார்த்துவிட்டு சர்வைவரை இறக்குங்கள். அசிட்டோனை மட்டும் தொடவே வேண்டாம்.