கோத்தகிரி குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

செல்வி: அம்மாவின் எம்ஆர்ஐ ரிப்போர்ட் வந்துவிட்டது. கீழ்முதுகில் எல்-4 என்கிற முதுகெலும்பு, அதற்குக் கீழே உள்ள எல்-5 மேல் கொஞ்சம் முன்னால் நழுவியிருக்கிறதாம், நரம்பு நசுங்குகிறது. ஸ்க்ரூ, ராடு போட்டு இரண்டையும் ஒன்றாக இணைத்துவிடலாம் என்கிறார் கோவை டாக்டர். அம்மாவுக்கு மனசே இல்லை.

பிரபு: அக்கா, எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்குக்குப் பதிலாக இப்போது செயற்கை டிஸ்க் வைக்கிறார்களே? குன்னூர் மாமாவுக்கு அதுதானே செய்தார்கள்?

குன்னூர் மாமா: ஆமாம்பா, எனக்குக் கழுத்தில். கை மரத்துப்போவது நின்றது, கழுத்தையும் நன்றாகத் திருப்புகிறேன். ஆனால் எனக்கு டிஸ்க்தான் பிதுங்கியிருந்தது, எலும்பு நழுவவில்லை. மீனாவைக் கேளுங்கள்.

மீனா: மாமா சொல்வது சரி. நழுவல் இருந்தாலோ, பின்பக்க மூட்டு தேய்ந்திருந்தாலோ, எலும்பு வலுவிழந்திருந்தாலோ இடுப்பில் செயற்கை டிஸ்க் பொதுவாக வைக்க மாட்டார்கள். பெரியம்மா, நடக்கும்போது எப்படி இருக்கிறது?

அம்மா: மேட்டில் ஏறும்போது ஒன்றும் தெரிவதில்லை மீனா. தோட்டத்திலிருந்து கீழே இறங்கினால்தான் இரண்டு காலும் இழுக்கிறது. உட்கார்ந்தால் சரியாகிவிடும். இணைத்துவிட்டால் குனிந்து கொழுந்து பறிக்க முடியுமா?

மீனா: இறங்கும்போது முதுகு பின்னால் வளையும், நரம்புப் பாதை இன்னும் குறுகும். ஏறும்போது முன்னால் சாய்வதால் விரியும். ஆகவே உங்கள் தொந்தரவு நரம்பு நெருக்கத்தால்தான் என்று நினைக்கிறேன். செல்வி அக்கா, இதைக் கட்டாயம் கேளுங்கள்: ஸ்க்ரூ போடாமல் நெருக்கத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதாதா? 2021-ல் வெளியான நார்வே ஆய்வில், இதே மாதிரி நழுவல் இருந்த 267 பேரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் செய்தார்கள், மீதிப் பேருக்கு ஸ்க்ரூ போட்டு இணைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து இரு குழுவிலும் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் நன்றாகத் தேறியிருந்தார்கள். இணைக்காத குழுவில் மறு ஆபரேஷன் மட்டும் சற்றுக் கூடுதல்.

பிரபு: அப்புறம் எதற்கு ஸ்க்ரூ?

மீனா: குனியும்போதும் நிமிரும்போதும் அந்த எலும்பு அதிகமாக அசைந்தால் இணைப்பதுதான் பாதுகாப்பு. குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். நழுவலுக்கென்றே அசையும் கருவி ஒன்றும் இருக்கிறது, டாப்ஸ் என்று பெயர். 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இங்கே கிடைக்குமா என்று டாக்டரிடமே கேட்டுவிடலாம்.

எதிர்வீட்டு விமலா அக்கா: எனக்கு ஸ்க்ரூ போட்டதுதான், அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். கால்வலி போய்விட்டது. குனிவதில் விறைப்பு இருக்கிறது, இடுப்பை மடக்கிக் குனியப் பழகிக்கொண்டேன். ஆனால் இப்போது அதற்கு மேல் டிஸ்க்கில் வலி ஆரம்பித்திருக்கிறது.

மீனா: இணைத்த இடம் அசையாததால் பக்கத்து டிஸ்க்கில் பாரம் கூடும் அக்கா, டாக்டரிடம் காட்டுங்கள். பெரியம்மா, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

அம்மா: அதெல்லாம் இல்லைம்மா. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டே முடிவு செய்வோம்.

செல்வி: வியாழக்கிழமை போகிறோம். மீனா, நீயும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு.

மீனா: வருகிறேன். பழைய எக்ஸ்ரே பீரோவில் இருந்தால் எடுத்து வாருங்கள், நழுவல் கூடியிருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும்.