விறகு பாய்லர் எரிகிறது, வீடு சூடாகவில்லை. அவசரம்!

கோவில்பட்டிக்காரன், இரவு 7:10
வணக்கம். அக்டோபரில்தான் கனடா வந்தோம். ஒன்டாரியோவில் டிமின்ஸ் பக்கம், டவுனிலிருந்து இருபது நிமிடம் தள்ளி ஒரு பண்ணை வீடு. வாடகை குறைவு என்று எடுத்தோம். கொல்லையில் தகரக் கொட்டகை மாதிரி ஒரு விறகு பாய்லர் நிற்கிறது. அதில் காய்கிற தண்ணீர் மண்ணுக்கடியில் குழாயில் வந்துதான் வீடு சூடாக வேண்டும். நேற்று வரை நன்றாக ஓடியது. இன்று மதியத்திலிருந்து வீடு குளிர்ந்துகொண்டே போகிறது. உள்ளே 12, வெளியே மைனஸ் 28. ஓனர் குளிர்காலம் முழுக்க ஃப்ளோரிடாவில் இருப்பார், போன் எடுக்கவில்லை. நாலு வயதுப் பையன் இருக்கிறான். விறகை அடைத்துப் போட்டுவிட்டேன். என்ன செய்வது?

ஸ்கார்பரோ மாமா
தம்பி, ஏன் அவ்வளவு தூரம் போனனீங்கள்? நான் 1989இல் வந்தபோது ஒரு பேஸ்மென்டில் ஆறு பேர். நல்ல ஜாக்கெட் ஒன்றுதான் இருந்தது. இரவு ஷிப்ட் முடித்து வருபவன் வாசலிலேயே கழற்றி, பகல் ஷிப்ட் போகிறவனிடம் கொடுப்பான். முதல் குளிர் எல்லோரையும் ஒரு பதம் பார்க்கும். பிள்ளைக்கு இரண்டு காலுறை போட்டுவிடுங்கோ. அடுத்த வருடம் இந்தப் பக்கம் வந்துவிடுங்கோ.

எட்மன்டன் ராணி
வீட்டுக்குள் சூடான காற்றை ஊதும் ஃபர்னஸ் இருக்குமே, அதன் ஃபில்டரைப் பாருங்கள். அதை மாற்ற வேண்டும் என்பதே முதல் வருடம் எங்களுக்குத் தெரியாது. கழற்றியபோது பழைய தலையணைப் பஞ்சு மாதிரி இருந்தது.

கோவில்பட்டிக்காரன்
ஃபில்டர் போன மாதம்தான் மாற்றினேன் அக்கா. காற்று நன்றாக வருகிறது, ஆனால் குளிர்ச்சியாக வருகிறது.

மினசோட்டா முருகன்
தீ போதவில்லை. பாய்லர் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், காற்று ஏறி நன்றாகப் பிடிக்கும்.

வெர்மான்ட்வாசி
தயவுசெய்து கதவைத் திறந்து வைக்காதீர்கள், தண்ணீர் கொதித்துப் பொங்கிவிடும். விறகைக் குறைத்துத்தான் போட வேண்டும். முதல் வருடம் நானும் இப்படி அடைத்துப் போட்டு, மறுநாள் கதவைச் சடாரென்று திறந்தேன். உள்ளே தேங்கியிருந்த புகை குப்பென்று பற்றிப் புருவம் போய்விட்டது.

சும்மா ஒருவன்
பார்பிக்யூ அடுப்பை ஒரு மணி நேரம் உள்ளே வைத்துச் சமாளியுங்கள்.

நர்ஸ் அக்கா
ஐயோ, வேண்டவே வேண்டாம்! கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வீட்டில் அலாரம் வேலை செய்கிறதா என்று இப்போதே பாருங்கள். எலெக்ட்ரிக் ஹீட்டர் இருந்தால் நேராகச் சுவர் ப்ளக்கில் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது. 1500 வாட் ஹீட்டர் இரண்டை ஒரே சர்க்யூட்டில் போட்டால் பிரேக்கர் விழும். எல்லோரும் ஒரே அறையில் படுங்கள்.

எட்மன்டன் ராணி
வாடகை விடுகிறவர்களைச் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடும்போது சிரிப்பு, சாவி கொடுத்தபின் ஆளைக் காணோம்.

மினசோட்டா முருகன்
ஒன்டாரியோவில் செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வீடு 20 டிகிரி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதே?

வெர்மான்ட்வாசி
விறகு போட வேண்டியது குடியிருப்பவர் என்று ஓனர் சொல்வார், வழக்கு வசந்தம் வரை ஓடும்.

ஸ்கார்பரோ மாமா
இங்கே முருங்கைக்காய் என்ன விலை தெரியுமோ? அதற்கும் விதி ஒன்று போடட்டும்.

திருவெறும்பூர் தாத்தா
முருங்கைக்காயை அப்புறம் பார்க்கலாம். நான் திருச்சியில் பாய்லர் ஆலையில் இருந்தவன், இப்போது தண்டர் பேயில் மகள் வீட்டில் இதே மாதிரி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். தம்பி, மூன்று விஷயம் சொல்லவே இல்லை. பாய்லரில் டெம்பரேச்சர் எவ்வளவு காட்டுகிறது? தண்ணீர் அளவு காட்டும் குழாயில் மட்டம் எங்கே? பேஸ்மென்டுக்கு வரும் இரண்டு குழாயும் சூடாக இருக்கிறதா? டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அதுவரை விறகு போட வேண்டாம்.

கோவில்பட்டிக்காரன், 7:55
போய்ப் பார்த்தேன் ஐயா. டெம்பரேச்சர் 84. மட்டக் குழாயில் அடியில் இரண்டு விரல் அளவுதான் தண்ணீர், ஃபுல் கோடு எங்கோ மேலே இருக்கிறது. பேஸ்மென்டில் இரண்டு குழாயும் வெறும் வெதுவெதுப்பு. பாய்லர் பின்னால் இருக்கும் பம்பில் கை வைத்தால் அதிர்கிறது. உள்ளே கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற சத்தம்.

திருவெறும்பூர் தாத்தா
அப்படியானால் தீயில் குற்றமில்லை, பம்பில் காற்று புகுந்துவிட்டது. இந்த வகைப் பாய்லரில் அழுத்தம் கிடையாது, மேலே திறந்த குழாய். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். அக்டோபரிலிருந்து நீங்கள் ஊற்றியிருக்க மாட்டீர்கள்.

மட்டக் குழாயில் தண்ணீர் தெரிகிறதே, அது நல்லது. தெரியவே இல்லையென்றால் பச்சைத் தண்ணீர் விடக் கூடாது. காய்ந்த இரும்பில் பட்டால் நீராவி சீறும், வெல்டு விரியும். தீ அணைந்து ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

இப்போது பாய்லர் ஃபேனை நிறுத்துங்கள், பம்பையும் நிறுத்துங்கள். பேஸ்மென்டில் சூட்டுக் குழாயில் ஒரு சின்னத் திருகு குழாய் இருக்கும். அதில் வாஷிங் மெஷின் ஹோஸை மாட்டி வீட்டுத் தண்ணீர் இணைப்போடு சேருங்கள். அந்தத் திருகுக்கு அப்பால் வீட்டுப் பக்கம் இருக்கும் வால்வை மூடிவிட்டு, திருகை மெதுவாகத் திறந்தால் தண்ணீர் பின்னோக்கிப் போய்ப் பம்பில் இருக்கும் காற்றைப் பாய்லருக்குள் தள்ளும். ஒருவர் வெளியே நின்று மட்டம் பார்க்கட்டும். ஃபுல் கோடு வந்ததும் திருகை மூடி, வால்வைத் திறந்து, பம்பைப் போடுங்கள். விடியட்டும் என்று விடாதீர்கள். நின்ற தண்ணீர் இந்தக் குளிரில் உறைந்தால் மே மாதம்தான் தோண்ட முடியும்.

கோவில்பட்டிக்காரன், 10:40
ஐயா! பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் குழாய் பெரிசாக ஒரு ஏப்பம் விட்டது. மனைவி வெளியிலிருந்து போனில் கத்துகிறாள், மட்டம் ஏறுகிறது என்று. பம்ப் சத்தம் அடங்கிவிட்டது, குழாயில் கை வைக்க முடியவில்லை. வீடு 15க்கு வந்துவிட்டது.

நர்ஸ் அக்கா
அப்பாடா. பையனுக்குச் சூடாக ஏதாவது கொடுங்கள்.

திருவெறும்பூர் தாத்தா
சந்தோஷம். மட்டத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். புதுத் தண்ணீர் நிறையப் போயிருப்பதால் துருத் தடுப்பு மருந்து நீர்த்திருக்கும். பாய்லர் விற்கிற கடையில் தண்ணீரைச் சோதித்து, எவ்வளவு சேர்ப்பது என்று கேளுங்கள். சாம்பலை அள்ளும்போது அடியில் கொஞ்சம் கங்கு இருக்கட்டும். அள்ளியதை மூடி போட்ட இரும்பு வாளியில் வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள், நாலு நாள்கூட நெருப்பு இருக்கும். கரண்ட் போனால் பம்பும் நின்றுவிடும், சின்ன ஜெனரேட்டர் ஒன்று பார்த்து வையுங்கள். அது வெளியில்தான் ஓட வேண்டும். ஆமாம், விறகு எப்படி இருக்கிறது?

கோவில்பட்டிக்காரன், மறுநாள் காலை
வீடு 19. விறகு உஸ்ஸென்று சத்தம் போடுகிறது ஐயா, முனையில் நுரை தள்ளுகிறது.

திருவெறும்பூர் தாத்தா
பச்சை விறகு. பிளந்து அடுக்கி ஒரு கோடையாவது காய்ந்திருக்க வேண்டும், ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே. இல்லையென்றால் சூட்டில் ஒரு பகுதி விறகின் ஈரத்தை ஓட்டவே போய்விடும், புகைபோக்கியில் தார் படியும். எவ்வளவு வாங்கினீர்கள்?

கோவில்பட்டிக்காரன்
மூன்று கார்ட் (இங்கே விறகை அளக்கிற அளவு) என்று சொல்லி விறகுக்காரர் காசு வாங்கினார். மூன்று வரிசை. இப்போது அளந்தேன்: ஒவ்வொன்றும் 8 அடி நீளம், 4 அடி உயரம், கட்டை நீளம் 16 அங்குலம்.

வெர்மான்ட்வாசி
முழுக் கார்ட் என்றால் ஆழமும் 4 அடி இருக்க வேண்டும், 128 கன அடி. உங்களிடம் இருப்பது மூன்றும் சேர்த்து ஒன்றுதான்.

ஸ்கார்பரோ மாமா
பார்த்தியளோ? அதுக்குத்தான் சொன்னனான், இந்தப் பக்கம் வாங்கோ என்று.

கோவில்பட்டிக்காரன்
மாமா, முதலில் அந்த விறகுக்காரரைக் கூப்பிடுகிறேன்.