கிரேக்கக் கடலோரப் பழைய நகரங்களில் ஒரு வாரம்: மதிலுக்குள் தங்கலாமா?

கேள்வி:
வரும் செப்டம்பரில் குடும்பத்துடன் கிரேக்கத்தில் ஒரு வாரம் தங்க எண்ணியிருக்கிறோம். நாளுக்கொரு ஊராக அலையாமல், பழைமையும் கடலும் ஒருசேர வாய்த்த ஓர் ஊரிலேயே தங்கிவிட வேண்டும் என்பது எங்கள் விருப்பம். நாஃப்பிலியோ, மொனெம்வாசியா, ரோட்ஸ் பழைய நகரம் ஆகிய மூன்றும் மனத்தில் உள்ளன. என் தாயார் சமதரையில் நன்றாக நடப்பார். முழங்கால் வலியால் படியேறுவதுதான் அவருக்குக் கடினம். கோட்டை மதிலுக்குள் தங்குவது அவருக்குச் சரிப்படுமா?

பதில் 1:
உங்கள் தாயாரை முன்னிட்டுப் பார்த்தால் நாஃப்பிலியோவையே சொல்வேன். ஏதென்ஸிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஆனால் அறையைப் பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய நகரத்தின் மேற்பகுதி அக்ரோநாஃப்பிலியா குன்றின் சரிவில் ஏறுவதால், அங்கே தெருக்களே படிக்கட்டுகளாக மாறிவிடுகின்றன. படங்களில் கடல் தெரியும் அழகான மாடி அறைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. பளிங்கு பாவிய சின்டக்மா சதுக்கத்துக்கும் துறைமுகத்துக்கும் இடைப்பட்ட பகுதியோ சமதரை. அங்கே தங்கினால் அவர் மாலையில் யார் துணையுமின்றிக் கடற்கரை வரை நடந்து வரலாம்.

1834இல் தலைநகரம் ஏதென்ஸுக்கு மாறும்வரை, புதிய கிரேக்க நாடு ஆளப்பட்டது இவ்வூரிலிருந்துதான். 1831இல் நாட்டின் முதல் ஆளுநர் கபோடிஸ்ட்ரியாஸ் கொல்லப்பட்ட புனித ஸ்பிரிடோன் தேவாலயம் மிகச் சிறியது. அதன் வாயிலருகே சுவரில் பதிந்த துப்பாக்கிக் குண்டின் தடத்தைக் கண்ணாடியிட்டுக் காத்து வைத்திருக்கிறார்கள். எந்த அருங்காட்சியகத்தையும்விட அந்தச் சுவர் அக்காலத்தை நெருக்கமாக உணர்த்தும். வெனீசியர்கள் 1711 முதல் 1714 வரை எழுப்பிய பலமிடி கோட்டைக்கு 999 படிகள் என்று ஊரார் சொல்வதைக் கேட்டு அஞ்ச வேண்டாம், மேல்வாயில் வரை வண்டி செல்லும் சாலை இருக்கிறது. பண்டைய எபிடாரஸ் அரங்கமும் மைசீனி என்னும் பழங்கால நகரின் இடிபாடுகளும் ஏறக்குறைய அரைமணி, முக்கால்மணிப் பயணத்தில் இருப்பதால், ஒரு வாரம் நீண்டதாகத் தோன்றாது.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் மொனெம்வாசியாவை அடியோடு விட்டுவிடாதீர்கள். கடலுக்குள் நிற்கும் ஒரே பாறையில் அமைந்த அந்த ஊரின் மதிலுக்குள் வண்டிகளுக்கு இடமில்லை. பகலில் வருவோர் திரும்பிய பிறகு, கற்சுவர்களுக்கிடையே நிலவும் அமைதியை இரவில் அங்கே தங்குவோர் மட்டுமே அறிவார்கள். கவிஞர் யானிஸ் ரிட்சோஸ் 1909இல் பிறந்தது இங்கேதான். ஆனால் நடைபாதைக் கற்கள் கரடுமுரடானவை, பல விடுதிகளுக்குப் படியிறங்கித்தான் செல்ல வேண்டும், மேல்நகரின் புனித சோஃபியா தேவாலயத்துக்கு வளைந்தேறும் செங்குத்தான பாதை ஒன்றே வழி. எனவே, பாறையைக் கரையோடு இணைக்கும் பாலத்துக்கு இப்பால் நிலப்பகுதியிலுள்ள கெஃபிரா என்னும் ஊரில் இரண்டு இரவுகள் தங்கி, காலையில் வெயில் ஏறுமுன் கோட்டைக்குள் சென்று வருவதே உங்களுக்கு ஏற்றது.

பதில் 3:
ரோட்ஸ் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். 1309 முதல் 1522 வரை புனித யோவான் வீரர்கள் என்னும் கிறித்தவப் படைத்துறவியர் ஆண்ட அந்த நகரம் 1988இலேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது; அகழியைச் சுற்றி நடப்பதற்காகவே அங்கே போகலாம். ஆனால் பல தெருக்களில் கூழாங்கற்களைச் செங்குத்தாக நட்டுப் பாவியிருக்கிறார்கள். மெல்லிய அடியுள்ள செருப்பணிந்தால் ஒவ்வொரு கல்லும் பாதத்தில் உறுத்தும். முழங்கால் வலியுள்ளவருக்குப் படிகளைவிட இதுவே தொல்லையாகலாம்.

எங்கே தங்கினாலும், பதிவுத் தொகைக்குப் புறம்பாக ஓர் இரவுக்கு ஓர் அறைக்கென்று அரசு விதிக்கும் காலநிலை வரி உண்டு. 2025இன் விகிதப்படி, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மூன்று நட்சத்திர விடுதிக்கு 5 யூரோ, நான்கு நட்சத்திரத்துக்கு 10 யூரோ. பழைய வீடுகளை விடுதியாக்கிய இடங்களில் மின்தூக்கி இருப்பது அரிது. ஆகவே தெருவிலிருந்து கட்டில் வரை எத்தனை படிகள் என்று உரிமையாளரிடமே எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு முன்பணம் செலுத்துங்கள்.