ஸ்டாலில் வாங்கும் லீடுகள் காசாக மாட்டேன் என்கின்றன, எங்கே தப்பு?

கடைவாசல்:
ஆள் வைத்து நேரடி ப்ரொமோஷன் செய்து கொடுக்கும் சின்ன ஏஜென்சி எங்களுடையது. கண்காட்சி, கடைவாசல், குடியிருப்பு வளாகம் என்று ஸ்டால் போட்டு, குலுக்கல் பரிசு உண்டு என்று சொல்லி, பெயரும் நம்பரும் வாங்கி, தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் விற்கும் டீலர் ஒருவருக்குக் கொடுக்கிறோம். ஒரு லீடுக்கு, அதாவது வாங்க வாய்ப்புள்ள ஒருவரின் பெயர், நம்பருக்கு, இவ்வளவு என்று கணக்கு. போன மாதம் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிட்டார். ஒன்று நம்பர் தப்பு, இல்லையென்றால் எடுத்தவருக்கு எதற்குக் கூப்பிடுகிறோம் என்றே தெரியவில்லையாம். வருமானத்தைக் கூட்ட இதே லிஸ்டை இன்னும் ரெண்டு பேருக்கு விற்கலாமா, இல்லை ஸ்டால்களைக் கூட்டலாமா?

பழைய ஸ்டால்காரன்:
ரெண்டும் வேண்டாம் சார். முதலில் உங்கள் பசங்களுக்கு எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். ஃபாரத்துக்கு இவ்வளவு என்றால் ஃபாரம்தான் வரும், வாடிக்கையாளர் வரமாட்டார். நானும் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ராத்திரி சீட்டுக்கட்டைப் பிரித்துப் பார்த்தால் வரிசையாகப் பதினோரு சீட்டு, ஒரே பேனா, ஒரே சாய்வு, எல்லா 7-க்கும் நடுவில் ஒரே மாதிரி குறுக்குக் கோடு! அதற்கப்புறம் பாதிப் பணம் ஃபாரத்துக்கு, மீதி டீலர் பேசி உறுதி செய்த பிறகு என்று மாற்றினேன். எண்ணிக்கை பாதாளத்துக்குப் போனது, ஆனால் திருப்பி அனுப்புவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது.

கடைவாசல்:
நாங்களும் ஃபாரத்துக்குத்தான் கொடுக்கிறோம். ஆனால் நம்பர் சரியா என்று ஓடிபி எல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தால் கூட்டத்தில் ஆள் நிற்பார்களா?

ஹெட்செட்:
ஓடிபி எதற்கு, அங்கேயே ஒரு ரிங் விடுங்கள், அவர் பையில் போன் அடித்தால் முடிந்தது, உங்கள் நம்பரும் அவர் போனில் விழுந்துவிடும். நான் லீடுகளைக் கூப்பிடும் பக்கத்தில் இருப்பவள். ஸ்டால் லீடைக் கூப்பிட்டால் முதல் கேள்வியே "பரிசு விழுந்துதா?" என்பதுதான், இல்லை என்றதும் கட். குலுக்கலைத் தூக்கிவிட்டு, வீட்டுத் தண்ணீரை இலவசமாகச் சோதித்துத் தருகிறோம் என்று வையுங்கள், சோதிக்க ஆசைப்படுகிறவர்தான் வாங்கவும் வாய்ப்புள்ளவர். இப்போது வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு அந்தப் பதிலையும் சீட்டில் எழுதுங்கள், எங்களுக்குப் பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியும்.

அப்புறம் நேரம். 2011-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் ஒரு ஆய்வு வந்தது: ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொண்ட நிறுவனங்களுக்கு, அதைவிட ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைக் காட்டிலும் உருப்படியான பேச்சு அமைய ஏறக்குறைய 7 மடங்கு வாய்ப்பு இருந்ததாம். அது இணையத்தில் வந்த லீடுகளுக்கான கணக்கு, உங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் சனிக்கிழமை எழுதிய சீட்டை வியாழக்கிழமை டைப் அடித்து அனுப்பினால் யாருக்கு உங்கள் ஸ்டால் ஞாபகம் இருக்கும்?

கணக்குப்பிள்ளை:
லிஸ்டை மூன்று பேருக்கு விற்கும் யோசனை பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒரே வாரத்தில் மூன்று கம்பெனி கூப்பிட்டால் அந்த மனுஷன் மூவரையும் பிளாக் செய்வார், உங்கள் டீலரும் கைவிட்டுப் போவார். சட்டச் சிக்கலும் உண்டு. ஐரோப்பாவில் 2018 முதல் அமலில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சம்மதத்தை நம்பித் தொடர்புகொள்வதானால் முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டம் சம்மதமே ஆகாது. உங்கள் ஊர்ச் சட்டம் எதுவானாலும், யார் கூப்பிடுவார்கள் என்பதைச் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

வருமானம் கூடும் இடம் வேறு. டீலரிடம் ரெண்டு ரேட் பேசுங்கள். வெறும் நம்பருக்கு ஒன்று, ஸ்டாலிலேயே தேதியும் நேரமும் குறித்துக் கொடுத்தால் அதைவிட நல்ல ரேட். "மூன்று மாசம் கழித்துப் பார்க்கலாம்" என்றவர்களை டீலர் குப்பையில் போட்டிருப்பார், அவர்களைக் கேட்டு வாங்கி, சொன்ன மாதத்தில் நீங்களே கூப்பிட்டு விசாரித்துத் திரும்பக் கொடுங்கள்.

கடைவாசல்:
ரெண்டு ரேட்டுக்கு டீலர் சரி என்றுவிட்டார். இந்த வாரம் ஒரு ஸ்டாலில் மட்டும் குலுக்கலை எடுத்துவிட்டுப் பார்க்கிறேன். பசங்கதான் இப்போதே மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். பழைய சீட்டுக்கட்டையும் எடுத்துப் பார்த்தேன், குறுக்குக் கோடு போட்ட 7 எங்களிடமும் இருக்கிறது.