செட்டாப் பாக்ஸ் ரெக்கார்டிங் பாதியில் நின்றுவிடுகிறது, லேப்டாப்பிலும் ஓடவில்லை

மேலூர்க்காரன்:
எங்கள் கேபிள் செட்டாப் பாக்ஸின் பின்னால் யூஎஸ்பி போர்ட் இருக்கிறது, ரிமோட்டில் ரெக்கார்டு பட்டனும் இருக்கிறது. பொங்கல் அன்று டிவி பட்டிமன்றத்தில் சித்தப்பா பேசுகிறார், அந்த நேரம் பார்த்து நாங்கள் எல்லோரும் ஊரில் இருப்போம். சோதனைக்கு ஒரு 32 ஜிபி பென் டிரைவ் போட்டு ஒரு ஹெச்டி சேனலில் கிரிக்கெட்டைப் பதிவு செய்து பார்த்தேன். ஒரு மணி நேரம் தாண்டியதும் தானாக நின்றுவிட்டது. பென் டிரைவில் பாதிக்கு மேல் இடம் காலி! பதிவானதும் பாக்ஸில் ஓடுகிறது, லேப்டாப்பில் ஓடவில்லை. பென் டிரைவ் கோளாறா?

பழைய ஆண்டெனா:
கோளாறு இல்லை தம்பி. பென் டிரைவ் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் வளராது. ஹெச்டி சேனல் 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட், அதாவது 1 எம்பி) வேகத்தில் வந்தால் மணிக்கு 3.6 ஜிபி, கணக்குப் போட்டுப் பாருங்கள். சில பாக்ஸ்கள் தாமே துண்டு துண்டாகப் பிரித்து எழுதிக்கொள்ளும், உங்களுடையது அந்த ரகம் இல்லை போலிருக்கிறது. மெனுவில் என்டிஎஃப்எஸ் (பெரிய ஃபைலையும் ஏற்கும் வேறொரு ஃபார்மேட் முறை) எடுக்குமா என்று பாருங்கள், இல்லையென்றால் அதே சேனலின் சாதாரண எஸ்டி பதிப்பைப் பதிவு செய்யுங்கள், இரண்டு மணி நேரம் தாராளமாக அடங்கும்.

லேப்டாப் விஷயம் வேறு. பாக்ஸ் பூட்டுப் போட்டுத்தான் எழுதுகிறது, சாவி அந்தப் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது.

கோவை சுந்தரி:
அந்தப் பூட்டால் நான் பட்ட பாடு! இரண்டு வருடம் சேர்த்து வைத்த சமையல் நிகழ்ச்சிகள், பாக்ஸ் பழுதாகி கேபிள்காரர் வேறு பாக்ஸ் கொடுத்ததும், அதே கம்பெனி அதே மாடல்தான், ஒன்றுகூட ஓடவில்லை. இன்னொன்று, ஹார்டு டிஸ்க்கைச் செருகியதும் ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும், அவசரத்தில் ஓகே அமுக்கிவிடாதீர்கள். எங்கள் வீட்டுக் காதுகுத்துப் படங்கள் அப்படித்தான் போயின.

பழைய ஆண்டெனா:
சுந்தரி அம்மா சொல்வது சரி. சித்தப்பா பேச்சைக் காலத்துக்கும் வைத்திருக்க வேண்டும் என்றால் யூஎஸ்பி பதிவை நம்பாதீர்கள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஏவி வயரை ஒரு கேப்சர் கருவி (வரும் படத்தையும் ஒலியையும் லேப்டாப்பில் ஃபைலாகப் பதிய உதவுவது) வழியாக லேப்டாப்பில் கொடுத்து எடுங்கள். படம் ஹெச்டி தரத்தில் இருக்காது, ஆனால் ஃபைல் உங்கள் கையில். எச்டிஎம்ஐ வழியாக முயன்றால் அதிலும் காப்புப் பூட்டு இருப்பதால் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் வரும். லேப்டாப் தூங்கிவிடாதபடி செட்டிங்கை மாற்றிவிடுங்கள், பாக்ஸை அந்தச் சேனலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அப்புறம் முக்கியமாக, ஊருக்குக் கிளம்பும்போது யாராவது பழக்கதோஷத்தில் சுவர் சுவிட்சை அணைத்துவிடப் போகிறார்கள்!

மேலூர்க்காரன்:
பொங்கல் முடிந்து வந்தேன். ஏவி வயர் வழிதான் எடுத்தேன், சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டி "தொடாதே" என்று எழுதிவிட்டுப் போனேன். சித்தப்பா பேச்சு முழுதாக வந்துவிட்டது, குடும்ப வாட்ஸப்பில் போட்டாயிற்று. நடுவர் தீர்ப்புச் சொல்லத் தொண்டையைச் செருமும் இடத்தில் கரண்ட் போயிருக்கிறது, லேப்டாப் பேட்டரியில் ஓடி மீதி நேரம் முழுக்க வெறும் கறுப்பைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. எந்த அணி ஜெயித்தது என்று சித்தப்பாவுக்கே போன் போட்டுக் கேட்டுக்கொண்டோம்.